விசில் வராத புதன்கிழமை

எதிர் வீட்டு டீச்சர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவர் வீட்டுக் குக்கர்தான் அத்தாட்சி என்று நான் மனதார நம்பினேன். விசில் வந்தால் இருக்கிறார். வராவிட்டால் இல்லை. படித்தவன், ஐம்பதைத் தாண்டியவன், ஒழுங்காக வரி கட்டுகிறவன் இப்படியெல்லாம் நம்பலாமா என்று கேட்டால், நம்பினேன் என்பதுதான் பதில். அந்த நம்பிக்கையில் ஒரு மத்தியானம் முழுவதும் மாடிப்படியில் ஓடியிருக்கிறேன். என் உடம்பு வாகைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூர் முடிந்து சாந்தோம் தொடங்குகிற இடத்தில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஒரு பக்கம் கோயில் மணி கேட்கும், இன்னொரு பக்கம் மாதா கோயில் மணி கேட்கும், நடுவில் எங்கள் சமையலறைகள். ஒவ்வொரு மாடியிலும் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள். இரண்டு சமையலறைகளுக்கும் நடுவே, குழாய்கள் இறங்குவதற்காக மேலிருந்து கீழ்வரை ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். டக்ட் என்போம். கட்டியவர் காற்றுக்காக விட்டாராம். காற்று வந்ததில்லை. மற்றபடி எல்லாம் வரும்: யார் வீட்டில் வெங்காய சாம்பார், யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சண்டைக்குப் பிறகு வெங்காய சாம்பார்.

எதிர் வீட்டில் இருப்பவர் பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சாந்தோம் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பம். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் பெங்களூரில். டீச்சர் தனியாக இருக்கிறார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நிம்மதியா இருக்கேன்னு சொல்லுங்க தம்பி" என்பார்.

அவர் வீட்டுக் குக்கருக்கு ஒரு தனிக் குரல் உண்டு. முதலில் சின்னதாக ஒரு செருமல். பிறகு, மேடையேறிய தலைவர் மாதிரி ஓர் இடைவெளி. அதற்குப் பிறகுதான் நீளமான கூவல். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அது வரும். அதைக் கேட்டுத்தான் எனக்கே பசிக்கும்.

இதில் என் வேலையின் பங்கும் இருக்கிறது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில், கம்ப்யூட்டர் சர்வர்கள் நின்றுபோகாமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். விசிட்டிங் கார்டில் என் பதவியின் பெயரிலேயே 'நம்பகம்' என்ற பொருளில் ஒரு வார்த்தை உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி தனியாகச் சிரிப்பாள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம்: ஒவ்வொரு சர்வரும் சீரான இடைவெளியில் 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 'இருக்கேன்' வரவில்லையென்றால் என் போன் அலறும். நான் அதைவிட அதிகமாக அலறுவேன்.

எதிர் வீட்டுக் குக்கரையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். டீச்சர் மகனிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். "நீங்க கவலையே படாதீங்க. அம்மாவ நான் பாத்துக்கறேன்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள நம்பித்தான் அங்கிள் நிம்மதியா இருக்கேன்" என்றார். எங்களுக்குள் வயது வித்தியாசம் அப்படியொன்றும் அதிகமில்லை. என் தலையைப் பார்த்துவிட்டு அங்கிள் என்று முடிவு செய்திருக்கிறார்.

அந்தப் புதன்கிழமை நான் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நீண்ட மீட்டிங்கில் இருந்தேன். இருந்தேன் என்றால், என் முகம் இருந்தது. மகனிடமிருந்து போன்.

"அங்கிள், அம்மா காலைலேர்ந்து போனே எடுக்கல. நாலஞ்சு தடவை அடிச்சுட்டேன். கொஞ்சம் பாக்கறீங்களா?"

சரியாக அந்த நேரம் பார்த்து டக்ட்டில் ஒரு விசில். நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம்கூட எழாமல் சொன்னேன்:

"இப்பதான் குக்கர் விசில் அடிச்சுது. ஜோரா சமைச்சிட்டிருக்காங்க. போனை எங்கயாவது வெச்சிருப்பாங்க, விடுங்க."

"அப்பாடா. தேங்க்ஸ் அங்கிள். உங்க ஒரு வார்த்தை போதும்."

போனை வைத்தேன். ஒரு குடும்பத்தையே தாங்கிப் பிடிக்கிற தூண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த விசில் வந்தது. தலைக்கு மேலிருந்து வந்தது.

செருமல் இல்லை. இடைவெளி இல்லை. எடுத்த எடுப்பில் கீச்சென்று ஒரு சின்ன வயசுக் குக்கர். மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர்கள் கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் யோசித்தேன். இன்றைக்கு எனக்கு ஏன் இன்னும் பசிக்கவில்லை?

எதிர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன். "டீச்சர்! டீச்சர்!" என்றேன். பிறகு என் போனிலிருந்து அவருக்கு அடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், வெகு அருகில், போன் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போன் அடிக்க, வெளியே நான் நிற்க, நடுவே யாரும் நடந்து வருகிற சத்தம் இல்லை. டீச்சர் உள்ளே விழுந்து கிடக்கிறார். நான் மகனிடம், 'ஜோரா சமைச்சிட்டிருக்காங்க' என்று சொல்லியிருக்கிறேன்.

தி.நகரில் ஆபீசில் இருந்த மனைவிக்கு அடித்தேன்.

"விசில் வரலை!" என்றேன்.

"குக்கர் வெச்சேளா?"

"நம்மாத்துது இல்ல. டீச்சராத்துது. போன் உள்ள அடிக்கறது, ஆள் வரலை. ஏதோ ஆயிடுத்துடி."

"ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க மொதல்ல மூச்சு விட்டுண்டு பேசுங்கோ. எங்கயாவது வெளில போயிருப்பா. வாட்ச்மேன்கிட்ட கேட்டேளா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். பிறகு போய்க் கேட்டதனால்தான் கதையே வளர்ந்தது.

எங்கள் வாட்ச்மேன் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. சைதாப்பேட்டைக்காரர். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தினத்தந்தியை விசிறியாக வைத்துக்கொண்டிருந்தார். மாசி மாதத்து வெயிலுக்கே இரண்டு கையாலும் விசிறினார்.

"டீச்சரைப் பார்த்தீங்களா?"

"பாத்தனே சார். டீச்சரம்மா கோயிலுக்குப் போய்க்கீது."

"எந்த டீச்சர்?"

"இன்னா சார், எந்த டீச்சர்ன்ற. கண்ணாடி போட்டுகினு, வெள்ளப் பொடவ கட்டிகினு. காலீலயே போயிட்டு வந்துச்சு. நெத்தியில நல்லா துண்ணூறு வச்சிகினு இருந்துச்சு. பொறவு மறுக்கா பொறப்ட்டு, கோயில்லதான் இருப்பேன் யாரனா கேட்டா சொல்லுன்னு சொல்ட்டுப் போச்சு."

என் மூளை அந்த நேரத்தில் அபாரமாக வேலை செய்தது. எங்கள் கட்டடத்தில் இன்னொரு டீச்சரும் உண்டு. முதல் மாடிப் பாட்டு டீச்சர். அவருக்கும் கண்ணாடி உண்டு. நெற்றி நிறைய திருநீறும் உண்டு, வாரத்தில் பாதி நாள் கபாலி கோயிலில்தான் இருப்பார். கணக்கு டீச்சரோ கத்தோலிக்கர். நெற்றியில் ஒரு பொட்டுகூட வைத்து நான் பார்த்ததில்லை. அவராவது, கோயிலாவது, திருநீறாவது!

"யோவ், அது பாட்டு டீச்சர்யா. நான் கேக்கறது கணக்கு டீச்சர். கிறிஸ்டியன்."

வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நா பாத்தத சொன்னேன் சார். பாட்டா கணக்கான்னு எனக்கு இன்னா தெரியும், ரிப்போர்ட் கார்டா காட்டுச்சு?"

படியேறினேன். முதல் மாடியில் ஒரு கதவு திறந்து பாட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். காதில் ஹெட்போன்.

"என்ன சார் இப்படித் தடதடன்னு ஓடறேள்? க்ளாஸ் நடந்திண்டிருக்கு."

"நீங்க கோயிலுக்குப் போகலையா?"

"எங்க போறது? காலம்பறலேர்ந்து ஒரு க்ளாஸ் முடிஞ்சா இன்னொண்ணு. ஏன்?"

நிதானமான எவனும் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். பாட்டு டீச்சர் வீட்டில் இருக்கிறார் என்றால், வாட்ச்மேன் பார்த்தது யார்? நானும் யோசித்தேன். யோசித்து, வாட்ச்மேன் பொய் சொல்கிறார் என்று முடிவுக்கு வந்தேன். கண்ணால் பார்த்தேன் என்றவரை நம்பவில்லை. வராத விசிலை நம்பினேன்.

இனி நேராகப் பார்த்துவிடுவது ஒன்றே வழி. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து டக்ட்டைத் தாண்டி அவர்கள் சமையலறை ஜன்னல் தெரியும், ஆனால் மேல் பாதி மட்டும். கீழே பார்க்க வேண்டுமே? கொடைக்கானல் போனபோது வாங்கிய செல்ஃபி குச்சி ஞாபகம் வந்தது. போனை அதில் மாட்டி, வீடியோ பதிவைப் போட்டு, ஜன்னல் கம்பி வழியாக டக்ட்டுக்குள் நீட்டினேன். உத்தியோகத்தில் இதற்குப் பெயர் தொலைவிலிருந்து சோதனை.

போன் திரையில் அவர்கள் சமையலறை மெதுவாக வந்தது. அடுப்பு. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த குக்கர். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். தரை. தரையில் வெள்ளையாக, நீளமாக, ஒரு துணி விரிந்து கிடந்தது.

வெள்ளைப் புடவை.

"ஐயோ, டீச்சர்!" என்று கத்தினேன். கத்துகிறவன் கையில் குச்சி நிற்குமா? குச்சி என்னிடமே இருந்தது, போன் மட்டும் போய்விட்டது. மூன்று மாடி கீழே, குழாய்களில் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு ஓர் அமைதி. அந்த அமைதியில், கிணற்றடியிலிருந்து வருவது போல, என் போன் மணி அடிக்க ஆரம்பித்தது.

மகனாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. எதிர் வீட்டில் ஒரு போன் அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. டக்ட்டின் அடியில் இன்னொரு போன் அடிக்கிறது, ஆள் இருக்கிறான், எட்டவில்லை. அம்மாவைக் காணோம் என்று தேடியவருக்கு இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவனையும் காணோம். மனைவியின் நம்பரை நினைவுபடுத்திப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் நான்கு இலக்கங்களுக்கு மேல் எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி கீழே ஓடினேன். பூட்டு உடைக்கிற ஆள் வேண்டும் என்றேன். வாட்ச்மேன், "யார் ஊட்டு பூட்டு?" என்று கேட்டு எழுந்து நின்றார். என் மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் அவர் முகத்திலிருந்து இறங்குவது தெரிந்தது. பாட்டு டீச்சர் வகுப்பைப் பாதியில் விட்டு வந்துவிட்டார். மேல் மாடி இளைஞர்களில் ஒருவர் கரண்டியோடு வந்தார். நான் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. விசில் என்ற வார்த்தை அதில் அடிக்கடி வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அப்போது தெருமுனையில் சைரன் கேட்டது. இரண்டு போனும் எடுக்கப்படாததால், மகன் பெங்களூரிலிருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டிருந்தார். வண்டி கேட்டுக்குள் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கினார்.

"பேஷன்ட் யாருங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் இல்ல, மேல, மூணாவது மாடி..." என்று நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. ஆம்புலன்ஸுக்குப் பின்னால், குடையை மடக்கிக்கொண்டு, டீச்சர் வந்துகொண்டிருந்தார். வெள்ளைப் புடவை. கண்ணாடி. நெற்றி நடுவில் சாம்பல்.

உள்ளே விழுந்து கிடப்பவர் வெளியிலிருந்து, அதுவும் நெற்றியில் சாம்பலோடு வந்தால் என்ன அர்த்தம்? எனக்குத் தோன்றியதை எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன். வாட்ச்மேன் தன் நாற்காலியை எனக்குப் பின்னால் தள்ளினார். உட்கார்ந்தேன். நீலச் சட்டைப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

"என்னாச்சு தம்பி உங்களுக்கு?" என்றார் டீச்சர், என் தோளில் கை வைத்து. கை சூடாக இருந்தது. சந்தேகமே இல்லை, உயிருள்ள கை.

"நா சொன்னேன்ல சார்," என்றார் வாட்ச்மேன். "கோயிலுக்குப் போய்க்கீதுன்னு."

பாட்டு டீச்சர் மெதுவாக என் காதருகே குனிந்து, "அவாளும் சர்ச்சுக்குக் கோயில்னுதான் சார் சொல்லுவா" என்றார்.

பிரஷர் பார்த்த பெண், "எப்பவும் இவ்ளோ இருக்குமா சார்?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் முதல் முறை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்ட டீச்சர், அந்தப் பெண்ணின் போனை வாங்கி மகன் நம்பரை மனப்பாடமாக அழுத்தினார். கணக்கு டீச்சர் அல்லவா. ஸ்பீக்கரில் போட்டார். வகுப்பு முழுவதும் கேட்க வேண்டும் என்ற பழைய பழக்கமோ என்னவோ.

"அம்மா! எங்கம்மா போயிட்ட? உயிரே போயிடுச்சும்மா எனக்கு!"

"இருக்கட்டும். இன்னைக்கு என்ன நாள்?"

"புதன்கிழமை."

"என்ன புதன்?"

அந்தப் பக்கம் ஒரு செருமல். விடை தெரியாதவன் தேர்வறையில் செருமுகிற செருமல். நான் அனுபவித்திருக்கிறேன்.

"டேய். மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"பிரியாணிம்மா."

"என்ன பிரியாணி?"

"...ஆபீஸ்ல வாங்கிக் குடுத்தாங்கம்மா."

"என்ன பிரியாணின்னு கேட்டேன்."

"சிக்கன்."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "சாயங்காலப் பூசைக்காவது போ. போய் நெத்தியில சாம்பல் வாங்கிட்டு எனக்குப் போட்டோ அனுப்பு. நாளைக்குப் பாக்கறேன், இன்னைக்குப் போன் கிடையாது எனக்கு." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், இல்லாவிட்டால் பெஞ்சு மேல் ஏறி நின்றிருப்பேன்.

"நீங்கதான் நான் சமைச்சிட்டிருக்கேன்னு அவன்கிட்ட சொன்னீங்களாமே தம்பி? விசில் கேட்டுச்சுன்னு?"

"கேட்டுது டீச்சர். ஆனா அது..."

மேல் மாடி இளைஞர் கரண்டியை உயர்த்தினார். "எங்க கொண்டைக்கடலை ஆன்ட்டி."

டீச்சர் சிரித்தார். அவர் சிரித்த பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர்கூடச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வர இரண்டு நாள் ஆயிற்று.

போனை வாட்ச்மேன் டக்ட்டின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தாலும் வீடியோ பதிவாகியிருந்தது. மனைவி அதைப் பார்க்கும்போதெல்லாம், கவிழ்ந்த குக்கருக்கும் என் அலறலுக்கும் நடுவில் நிறுத்தி, மறுபடி பின்னால் போய்ப் பார்ப்பாள். விருந்தாளிகள் வந்தால் காபிக்கு முன்னால் அதுதான். டீச்சர் மறுநாள் காலையில் ஒரு மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "அடுத்த தடவை தொறந்து உள்ள வந்தே பாருங்க. குச்சியெல்லாம் வேண்டாம்." அந்தச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஆணி எங்கே என்று எனக்குத் தெரியும்.

எதிர் வீட்டுப் பண்டிகைகளில் கேக் வருகிற பண்டிகைகள் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தன. மற்றவை எதுவும் தெரியாது.

நடந்தது இதுதான். அன்று திருநீற்றுப் புதன், கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற நாள். டீச்சர் காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தார். இன்று ஒரு நாள் போனுக்கும் ஓய்வு கொடுங்கள் என்று பூசை வைத்த சாமியார் சொன்னதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, மறுபடி கோயிலுக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஜெபம் செய்தார். தரையில் கிடந்த வெள்ளைத் துணி, இடியாப்ப மாவுக்கு அரிசி உலர்த்த விரித்த பழைய வேட்டி. ஒருசந்தி, அதாவது கறி தொடாமல் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற நோன்பு என்பதால் அன்று மத்தியானம் அவர் குக்கர் வைக்கவில்லை.